தலை இல்லாத வயிறு

போன வாரம், நான் கடைசியாக வேலை பார்த்த மருத்துவக் கல்லூரியிலிருந்து ஒரு போன் வந்தது. பேசியவர் என் யூனிட்டில் உதவிப் பேராசிரியராக இருந்தவர், மரியாதையான மனிதர். மழை பெய்ததா, மருமகள் எப்படி இருக்கிறாள், முழங்கால் வலி தேவலையா என்று எல்லாம் விசாரித்து முடித்துவிட்டு விஷயத்துக்கு வந்தார். கொரோனா காலத்தில் நான் செய்துகாட்டிய வயிற்றுப் பரிசோதனை வீடியோவை இனிமேல் எல்லா வகுப்புக்கும் நிரந்தரப் பாடமாக வைக்கப் போகிறார்களாம். மாணவர்கள் வார்டில் நோயாளியின் பக்கத்தில் இருந்து படிக்கிற நேரத்தில் பாதியைக் குறைத்துவிட்டு, அந்த இடத்தில் இந்த மாதிரி வீடியோக்கள். நான் சந்தோஷப்படுவேன் என்று நினைத்துத்தான் சொன்னார், பாவம்.

நான் போட்ட சத்தத்தில் அடுப்படியில் குழம்பு வைத்துக்கொண்டிருந்த என் கணவர் கரண்டியோடு வெளியே வந்துவிட்டார். கோபம் ஆறட்டும், அப்புறம் எதுவானாலும் எழுது என்றார். ஆறின பிறகு எழுதினால் அது கல்லூரி ஆண்டு மலருக்கு அனுப்புகிற வாழ்த்துரை மாதிரி இருக்கும். அதனால் சூட்டோடு எழுதுகிறேன்.

நான் அறுவை சிகிச்சை மருத்துவர். பிறந்தது ஆவூர். அப்பா பள்ளிக்கூட வாத்தியார், கோயில் மணிக்கு எழுந்து வீட்டையே எழுப்பிவிடுகிறவர். வேலை பார்த்தது பெரும்பாலும் புதுக்கோட்டை மாவட்டத்து அரசு ஆஸ்பத்திரிகளில். வாழ்க்கைப்பட்டது அறந்தாங்கி. அரசு வேலையில் ஓய்வு பெற்ற பிறகு வேறொரு மாவட்டத்தில் ஒரு தனியார் கல்லூரியில் பேராசிரியராகக் கூப்பிட்டார்கள், போனேன். அந்தக் கல்லூரியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. பயந்து அல்ல. பெயரைச் சொன்னால் அந்த ஒரு இடத்தில் மட்டும்தான் இப்படி என்று மற்றவர்கள் நிம்மதியாகத் தூங்கிவிடுவார்கள்.

நான் படித்த காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. படித்தோம், பசித்தோம், திட்டு வாங்கினோம். ஆனால் எங்கள் சீஃப் ஒருவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். குட்டையான மனிதர். குரலை உயர்த்தவே மாட்டார், உயர்த்தாமலே நடுங்க வைப்பார். வயிற்றைப் பரிசோதிக்க அவர் வைத்திருந்த முறை மாறவே மாறாது. முதலில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார வேண்டும். நோயாளி படுத்திருக்கும்போது மேலே நின்றுகொண்டு கையை இறக்கினால் சீஃபுக்குப் பிடிக்காது. அப்புறம் இரண்டு கையையும் தேய்த்துச் சூடாக்க வேண்டும். எங்கே வலிக்கிறது என்று நோயாளியையே ஒரு விரலால் காட்டச் சொல்ல வேண்டும். காட்டிய இடத்தை விட்டுவிட்டுத் தூரத்திலிருந்து தொடங்கி, கடைசியில்தான் அங்கே வர வேண்டும். இவ்வளவும் நடக்கும்போது கண் வயிற்றின்மேல் இருக்கவே கூடாது. நோயாளியின் முகத்தின்மேல் இருக்க வேண்டும்.

மாணவன் முடித்துவிட்டு, கல்லீரல் தட்டுப்படவில்லை, மண்ணீரல் தட்டுப்படவில்லை என்று ஒப்பிக்கத் தொடங்குவான். சீஃப் கையை லேசாக உயர்த்துவார். "எந்தக் கண்ணச் சுருக்குனாங்க?" என்று கேட்பார். பதில் தெரியாவிட்டால், "அப்ப நீ தொட்டது மேசை. வெளிய போ" என்பார். அன்று முழுக்க வார்டுக்குள் வர முடியாது. நானும் வராண்டாவில் நின்றிருக்கிறேன், என் வகுப்பில் நிற்காதவர்கள் யாருமில்லை. ஒருநாள் அவரே காரணம் சொன்னார். "வலிக்குதான்னு கேட்டா நம்மூர்ப் பொம்பளைங்க இல்லைன்னுதான் சொல்லுவாங்க. புருசன் நிக்கிறான், மாமியா நிக்கிது, அடுப்புல ஒல வச்சிட்டு வந்திருக்கா. அவ எப்புடி ஆமான்னு சொல்லுவா? நீ கேக்காத, பாரு."

ஸ்கேன் இல்லாத ஊர்களில் வருஷக்கணக்காக நான் குப்பை கொட்டியது இந்தப் பாடத்தை வைத்துத்தான். கல்லூரிக்குப் போன பிறகு என் மாணவர்களையும் அதே கேள்வியைக் கேட்டேன். என் முதுகுக்குப் பின்னால் என்னைக் 'கண்ணு மேடம்' என்று கூப்பிடுவார்கள். தெரியும். கூப்பிட்டுவிட்டுப் போகட்டும்.

கொரோனா வந்தது. கல்லூரியை மூடினார்கள். அதில் எனக்கு ஒரு மாற்றுக் கருத்தும் இல்லை. எங்களோடு வேலை பார்த்த மயக்க மருத்துவர் ஒருவர் அந்த நோயில் போனார், அவர் முகத்தைக்கூடப் பார்க்க முடியவில்லை. அந்த நேரத்தில் பிள்ளைகளைக் கூட்டமாக வார்டுக்குள் விட்டிருந்தால் நானே தடுத்திருப்பேன். ஆன்லைனில் எக்ஸ்ரே படிக்கச் சொல்லிக்கொடுத்தேன். வகுப்பறையில் சொன்னதைவிட நன்றாகவே வந்தது, ஒவ்வொரு பிள்ளைக்கும் படம் கண்ணுக்கு நேராக இருந்தது. மருந்துகள், நோய்க் குறிகள், எந்த நோயை எதிலிருந்து பிரித்தறிவது என்கிற விவாதம், எல்லாம் ஓடியது. கொடும்பாளூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன், பிரவீன் என்று பெயர், விவசாயக் குடும்பம். வீட்டில் சிக்னல் கிடைக்காது என்று மூவர் கோயில் புல்வெளியில் வந்து உட்கார்ந்து வகுப்பைக் கேட்பான். அவன் தலைக்குப் பின்னால் கோயில் விமானம் தெரியும். கேட்கிற கேள்விக்கெல்லாம் முதலில் பதில் சொல்கிறவன் அவன்தான். ஆன்லைனே கூடாது என்று சொல்கிற ஆள் நானில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

வயிற்றுப் பரிசோதனையை வீடியோவாக எடுக்கச் சொன்னது டீன். அவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் யாரையும் கடிந்து பேசி நான் கேட்டதில்லை. அறைக்குள் போனால் பிஸ்கட் தட்டை நம் பக்கம் நகர்த்துவார். நாம் பேசப் பேச, மேசைமேல் கிடக்கிற பேனாவை ஒரு விரலால் நகர்த்தி நகர்த்தி விளிம்புக்கு நேராகக் கொண்டுவருவார். பேனா நேரானதும், "பாக்கலாம் மேடம்" என்பார். அதற்குமேல் அந்தப் பேச்சு எடுபடாது. அவர் 'முடியாது' என்று சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

நோயாளியாகப் படுக்க லேப் அட்டெண்டர் செல்வம் தானாக முன்வந்தார். கல்யாண வீடுகளுக்குப் படம் பிடிக்கிற ஒருவரை விளக்குகளோடு கூட்டிவந்தார்கள். கேமராக்காரர் பழக்க தோஷத்தில் என்னைக் கொஞ்சம் சிரிக்கச் சொன்னார். செல்வத்துக்குக் கூச்சம் அதிகம், கை படுவதற்கு முன்பே நெளிந்தார். முகமும் வயிறும் ஒன்றாகத் தெரிகிற மாதிரி கேமராவைக் கால்மாட்டில் வைக்கச் சொல்லி, நிதானமாக எல்லாவற்றையும் செய்துகாட்டினேன். 'இங்கே கை, அங்கே கண்' என்று தமிழிலும் இங்கிலீஷிலும் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

டீன் பார்த்தார். நோயாளியின் முகம் தெரியக் கூடாதாம். கல்லூரியை ஆய்வு செய்ய வருகிறவர்கள் நோயாளியின் அந்தரங்கம் என்று கேள்வி கேட்பார்களாம். செல்வம் நோயாளியே இல்லை என்றேன். பக்கத்தில் நின்ற செல்வமும், தனக்குச் சம்மதம், வீட்டில்கூட வீடியோவைக் கேட்கிறார்கள் என்று சொல்லிப் பார்த்தார். முகம் இல்லாவிட்டால் இந்தப் பாடமே இல்லை என்று நான் சீஃப் கதையிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். பேனா நேராகிக்கொண்டே வந்தது.

வலையேறிய வீடியோ விலா எலும்பில் தொடங்கித் தொடையில் முடிந்தது. ஒரு வயிறு, அதன்மேல் ஒரு கை. என் குரலையும் எடுத்துவிட்டு, வெளியூரில் யாரையோ வைத்து இங்கிலீஷில் அழகாகப் பேசி ஒட்டியிருந்தார்கள். என் உச்சரிப்பு ஆவூர் உச்சரிப்பு, அது எடுபடாது போலிருக்கிறது. அந்தக் குரல் கையைப் பற்றி எல்லாம் சொன்னது. முகம் என்ற வார்த்தையே அதில் வரவில்லை. கசாப்புக் கடையில்கூடத் தலையைத் தனியாக எடுத்து வைப்பார்கள், இங்கே அதுவும் இல்லை. வீடியோவின் முடிவில் நாலு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிற கேள்விகள். பிள்ளைகள் எல்லோரும் தேறினார்கள்.

இதுவரைகூட நான் பொறுத்துக்கொள்வேன். ஊரே முடங்கிக் கிடந்த காலம். பொறுக்க முடியாதது அதற்குப் பின்னால் நடந்தது. கல்லூரி திறந்ததும் முதல் கூட்டத்தில் எழுந்து, இந்த வகுப்புக்கு வார்டுப் பயிற்சியைத் திரும்ப முதலிலிருந்து கொடுக்க வேண்டும் என்றேன். மாணவர்கள் கொஞ்சம் தாமதமாக வெளியே போகட்டும், உயிரோடு விளையாட வேண்டாம் என்றேன். மற்ற துறைத் தலைவர்கள் குனிந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டீன் வழக்கம்போலப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வார்டு போஸ்டிங் முடிஞ்சதுன்னு பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் குடுத்தாச்சே மேடம். மிச்சத்த ஹவுஸ் சர்ஜன்ல பாத்துக்குவாங்க" என்றார்.

படிப்பு முடிந்து ஆஸ்பத்திரியில் பயிற்சி எடுக்கிற அந்த ஹவுஸ் சர்ஜன் வருஷத்தில் பிள்ளைகளை மூக்கில் குச்சி விட்டு மாதிரி எடுக்கவும், அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றவும் அனுப்பினார்கள். ஒரு வயிற்றையும் அவர்கள் தொடவில்லை. நானோ அந்தக் கூட்டம் நடந்த மாதமே வேலையை விட்டுவிட்டு அறந்தாங்கிக்கு வந்து சேர்ந்தேன். வழியனுப்பு விழாவில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார் டீன். கோபத்தில் அதைப் பேருந்திலேயே விட்டுவிட்டு வந்தேன்.

ஊரில் சும்மா இருக்க முடியவில்லை. தெரிந்தவர் நடத்துகிற ஒரு சின்ன நர்ஸிங் ஹோமில் மத்தியானம் மட்டும் போய் நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கினேன். கொஞ்ச காலத்தில் அங்கே டியூட்டி டாக்டராக வந்து சேர்ந்தவன் பிரவீன், அந்தக் கோயில் புல்வெளிப் பையன். என்னைப் பார்த்ததும் வெட்கப்பட்டுச் சிரித்தான். நல்ல உழைப்பாளி, நோயாளியிடம் எரிந்து விழமாட்டான். எனக்கும் அவனை அங்கே பார்த்ததில் சந்தோஷம்தான்.

தனலெட்சுமி என்ற பெண்ணை அவள் மாமியார் ஆட்டோவில் கூட்டிவந்தது இந்தச் சமயத்தில்தான். வயிற்று வலி, முதல் நாளிலிருந்து சாப்பிடவில்லை. கணவன் முருகேசன் குவைத்தில் டிரைவர். எங்கள் பக்கம் இப்படிப்பட்ட வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. ஆஸ்பத்திரிக்கு வரும்போது வெளிநாட்டில் இருக்கிறவரும் வீடியோ காலில் கூடவே வந்துவிடுவார். டோக்கன் போடுவதிலிருந்து மாத்திரை வாங்குவது வரை போனுக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருப்பார். அன்றைக்கும் மாமியார் கையில் போன், போனுக்குள் முருகேசன்.

பிரவீன் பரிசோதித்தான். முறைப்படி ஒரு இடம் விடாமல் தொட்டுப் பார்த்திருக்கிறான். வயிறு மெத்தென்று இருந்தது. வலிக்கிறதா என்று கேட்டான், இல்லை என்றாள். வாயுத் தொந்தரவு என்று முடிவு செய்து, ஒரு வலி ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்பச் சொல்லிவிட்டான். போனுக்குள்ளிருந்து முருகேசன் ஏதோ சொல்ல வந்தபோது, பரிசோதனை அறையில் போன் பேசக்கூடாது என்று பணிவாகவே சொல்லி மாமியாரை வெளியே அனுப்பியிருக்கிறான்.

நான் உள்ளே நுழைந்தது அந்த நேரம். நடையில் நின்ற மாமியார் கையிலிருந்த போன் என்னைக் கூப்பிட்டது.

"டாக்டரம்மா, ஒரு நிமிசம் நில்லுங்க. அவ பொய் சொல்றா. அந்தத் தம்பி அமுக்கயில ஒதட்ட உள்ள மடிச்சுக் கடிச்சா, நான் பாத்தேன். தலப்புள்ளைக்கு வலி எடுத்தப்பவும் இப்புடித்தான் சத்தமே போடாமக் கெடந்தா. அங்கிட்டுப் போயி அவ மொகத்த மட்டும் ஒருக்கா பாருங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஊசியைப் போட வேண்டாம் என்று நர்ஸிடம் சொல்லிவிட்டு உள்ளே போனேன். தனலெட்சுமி வலது முழங்காலைக் கொஞ்சம் மடக்கி வைத்துப் படுத்திருந்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டேன். மாமியாரைத் தலைமாட்டில் நிற்கச் சொன்னேன், போனை அணைக்க வேண்டாம் என்றேன். கையைத் தேய்த்துக்கொண்டு இடது பக்கத்திலிருந்து தொடங்கினேன். வயிறு மெத்தென்றுதான் இருந்தது, பிரவீன் அதில் பொய் சொல்லவில்லை. வலது பக்கம் கீழே வந்து ஆழமாக அழுத்தியபோது உதடு உள்ளே போனது. வலிக்கிறதா என்றேன். இல்லைங்க டாக்டர் என்றாள்.

அவளை இடது பக்கமாக ஒருக்களிக்கச் சொல்லி, வலது காலைப் பிடித்து மெதுவாகப் பின்னால் இழுத்தேன். "ஆத்தா" என்றாள். அவள் வாயிலிருந்து வந்த முதல் சத்தம் அதுதான்.

குடல்வால் சிலருக்குப் பெருங்குடலுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். அது சீழ் பிடித்தால் முன்வயிறு இறுகாது, தொட்டால் ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். காலைப் பின்னால் இழுக்கும்போது உள்ளே இருக்கிற தசை நீண்டு புண்ணில் உரசும், அப்போது காட்டிக்கொடுத்துவிடும். ரத்தப் பரிசோதனையும் அதையே சொன்னது. அன்றைக்கே அறுவை செய்தேன். எதிரே நின்று உதவியவன் பிரவீன்தான். குடல்வாலின் நுனி கறுத்துப்போய் உடைகிற பதத்தில் இருந்தது. வலி ஊசியோடு வீட்டுக்குப் போயிருந்தால் வலி அடங்கியிருக்கும், உள்ளே உடைந்திருக்கும். வயிறு முழுக்கச் சீழோடுதான் திரும்பி வந்திருப்பாள், திரும்பி வந்திருந்தால்.

ஏன் மறைத்தாய் என்று பிறகு கேட்டேன். "அவுக லீவு முடிஞ்சு போயி இன்னும் ஒரு மாசங்கூட ஆகல. வலின்னா வேலைய விட்டுட்டுப் பதறிக் கெளம்பி வந்துருவாக" என்றாள்.

பிரவீனை டியூட்டி அறைக்குக் கூப்பிட்டு நான் பேசிய பேச்சு கொஞ்சநஞ்சமல்ல. கை முழுவதையும் வயிற்றில் வைத்துக்கொண்டு கண்ணை எங்கே அடகு வைத்தாய் என்றேன். கடல் தாண்டி இருக்கிறவனுக்குத் தெரிந்த முகம் பக்கத்தில் இருந்த உனக்குத் தெரியவில்லையா என்றேன். தலையைக் குனிந்துகொண்டே கேட்டான். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது மெதுவாகச் சொன்னான்.

"ஒங்க வீடியோவ எத்தனையோ தடவ பாத்துருக்கேன் மேடம். ஒங்க கை எங்க எப்புடிப் போகும்னு மனப்பாடம். எங்கப்பா வயித்துலதான் பழகுனேன். வயக்காட்டுல இருந்து வந்து, மொகத்துல துண்டப் போட்டுக்கிட்டுத் தூங்குவாரு. வீடியோவுலயும் மொகம் இல்ல, இங்கிட்டும் இல்ல. பாக்கணும்னே எனக்குத் தோணல மேடம்."

அவன் இரண்டு நாள் தனலெட்சுமியின் வார்டை விட்டு நகரவில்லை. அவள் தையல் பிரித்துப் போவதற்குள், அவள் முகத்தையே பார்த்துப் பார்த்து வலிக்கிறதா இல்லையா என்று அவனாகவே சொல்லத் தொடங்கியிருந்தான். அவனை நான் மன்னித்துவிட்டேன், மன்னிக்க அவன்மேல் தப்பும் இல்லை. செய்ய வேண்டிய வேலையைச் செய்யாமலே செய்து முடித்ததாக எழுதிக் கொடுத்தவர்கள் ஏசி அறையில் பிஸ்கட் தின்றுகொண்டிருக்கிறார்கள். திட்டு மட்டும் இவனுக்கு. அவனோடு படித்த மற்ற பிள்ளைகள் எந்தெந்த ஊரில் எந்தெந்த வயிற்றின்மேல் கை வைத்துக்கொண்டிருக்கிறார்களோ. எல்லா நோயாளிக்கும் குவைத்திலிருந்து ஒரு முருகேசன் பார்த்துக்கொண்டிருக்க மாட்டான்.

இவ்வளவு நடந்த பிறகு, அந்த வீடியோதான் இனி நிரந்தரப் பாடம் என்று போன் வந்தால் எனக்கு எப்படி இருக்கும். அன்றைக்கே டீனைக் கூப்பிட்டேன். தனலெட்சுமி கதையைப் பெயர் சொல்லாமல் சொன்னேன். அந்த வீடியோவை எடுத்துவிடுங்கள், அல்லது முகத்தோடு இருக்கிற முதல் படத்தைத் தேடிப் போடுங்கள், அதுவும் இல்லையென்றால் நான் என் செலவில் வந்து பிள்ளைகளுக்கு வார்டில் சொல்லித் தருகிறேன் என்றேன். முழுக்கக் கேட்டார். அந்தப் பக்கம் பேனா நகர்வது என் கண்ணில் தெரிந்தது.

"அதுல ஒங்க பேரு இல்ல, கொரல் இல்ல, மொகமும் இல்ல மேடம். கை மட்டுந்தான். யாரு கைன்னு யாருக்குத் தெரியப் போகுது, நீங்க எதுக்கு வருத்தப்படுறீங்க" என்றார்.

யார் கை என்று நானே சொல்லிவிடுகிறேன். வலது மணிக்கட்டுக்கு மேலே கொதிநீர் ஆவி பட்ட தழும்போடு வருகிற அந்தக் கை ஆவூர் வாத்தியார் மகளுடையது. அதைப் பார்த்துப் படிக்கப் போகிற பிள்ளைகளே, அந்த வயிற்றுக்கு மேலே ஒரு முகம் இருந்தது. அவர் பெயர் செல்வம். விலாவுக்குக் கீழே நான் அழுத்தியபோது, கூச்சம் தாங்காமல் அவர் சுருக்கியது இடது கண்ணை.